மூலப்படையின் மறைவு: ஷோலகோவின் டான் நதி நாவல்

படையின் வகையறிந்து பேசுதல் தமிழ் மரபு. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை ஆறாக வகுத்து, அவற்றுள் சிறந்தது மூலப்படையே என்பார். தந்தைக்குப் பின் மகனாகத் தொன்றுதொட்டு வரும் படையே மூலப்படை. அத்தகைய படை ஒன்று புரட்சிப் போரில் சிக்குமாயின் அதன் நிலை என்னவாகும்? இவ்வினாவிற்கு விரிவான விடை தருவது, மிகயீல் ஷோலகோவ் படைத்த ‘அமைதியான டான்’ எனப் பொருள்படும் உருசிய நாவல். 1928க்கும் 1940க்கும் இடையே நான்கு பாகங்களாக வெளிவந்த இப்பெருநூலின் ஆசிரியர் 1965இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்நாவலைக் கற்போர் பலர் கிரிகோரி, அக்சீனியா காதலைப் போற்றுவர். கிரிகோரியின் அரசியலைப் பற்றிப் பேசும்பொழுது மட்டும், செம்படைக்கும் வெண்படைக்கும் இடையே ஊசலாடிய உறுதியற்றவன் என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். இத்தீர்ப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கிரிகோரி அணி மாறினான் என்பது உண்மை. ஆனால் அவன் நின்ற அணிகள் அவன் காலடியிலேயே கலைக்கப்பட்டதும் உண்மையன்றோ?

டான் கோசாக்குகளின் படையணி ஏனைய படையணிகளைப் போன்றதன்று. கோசாக் இளைஞன் தன் வீட்டுக் குதிரையோடும் சேணத்தோடும் உடையோடும் பணிக்கு வருவான். அவனருகில் குதிரை செலுத்துபவன் அவன் ஊரான், ஒருவேளை மைத்துனன். ஊரே படையணி, படையணியே ஊர். முதல் உலகப் போரில் 12ஆம் டான் படையணியில் கிரிகோரி போரிட்டபொழுது, எதிரி யார், தோழன் யார் என்ற ஐயம் அவனுக்கு எழவில்லை. போர் அவனை வருத்திற்று. ஆயினும் நிற்குமிடம் தெளிவாக இருந்தது.

1917இல் சார் மன்னரின் ஆட்சி வீழ்ந்தது. படைவீரர் குழுக்கள் தோன்றின. ஆண்டிறுதியில் பதவிப் பட்டங்கள் ஒழிக்கப்பட்டு, தளபதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரர்களுக்கு வழங்கப்பட்டது. சூளுரை பெற்ற மன்னனே இல்லாதபொழுது சூளுரைத்த படையணி எவ்வாறு நிலைக்கும்? 1918ஆம் ஆண்டின் இறுதியில் 28ஆம் படையணி போர்முனையை விட்டு ஊர் திரும்புவதை ஷோலகோவ் காட்டுகிறார். போமீன் என்னும் கோசாக் அதற்குத் தலைவனாகிறான். அவ்வணியில் அதிகாரியாயிருந்த கிரிகோரியின் அண்ணன் பியோத்தர், தன்கீழ்ப் பணிபுரிந்தோருக்கே அஞ்சி வீட்டுக்கு ஓடிவருகிறான். மூலப்படை மறைந்த இடம் இதுவே எனலாம்.

1919 சனவரியில் கோசாக்குகளை ஒடுக்கும் ஆணை பிறந்தது, கொலைகள் தொடர்ந்தன. மார்ச்சு மாதம் மேல் டான் பகுதி கிளர்ந்தெழுந்தது. ஊர்தோறும் நூற்றுவர் அணிகள் திரண்டன. கிரிகோரி ஒரு பெரும்பிரிவுக்கே தலைவனாக உயர்ந்தான். இது நாட்டுப்படை. அவ்வாண்டின் சூன் மாதம் வெண்படையினரான டான் படை வந்து கூடியதும் கிளர்ச்சியாளர் துணைப்படையாயினர். ஆனால் துணையென வந்தோரைத் துணையாக வைத்திருக்கத் தளபதிகள் விரும்பவில்லை. கிளர்ச்சிப் பிரிவுகள் கலைக்கப்பட்டு வழக்கமான படையணிகளில் கரைக்கப்படுகின்றன. போர்க்கல்வி இல்லாதவன் என்ற காரணம் கூறப்பட்டு, பெரும்பிரிவின் தலைவன் மீண்டும் நூற்றுவர் அணித் தலைவனாகிறான். ஒரு தாளில் எழுதப்பட்ட ஆணை, ஒரு கிளர்ச்சியின் முகத்தையே அழித்துவிடுகிறது.

பகைப்படையின் துயரையும் நாவல் மறைக்கவில்லை. செர்தோப்ஸ்கு என்னும் செம்படையணி கிளர்ச்சியாளர் பக்கம் சாய்கிறது. அதைத் தடுக்க முயன்ற பொதுவுடைமைத் தொண்டர் ஷ்தோக்மன் தம் வீரர் கையாலேயே மாள்கிறார். கட்சி மாறிய அணிக்குக் கிடைத்த பரிசு என்ன? கிளர்ச்சியாளர் அதன் படைக்கலங்களைப் பறித்துக்கொள்கின்றனர். 1920இல் கிரிகோரியும் இந்நிலையை அடைகிறான். நொவரசீஸ்க் துறைமுகத்தில் கப்பலேற இயலாது நின்றவன், புதியோன்னியின் குதிரைப்படையிற் சேர்ந்து திறம்படப் போரிடுகிறான். எனினும் வெண்படை அதிகாரியாயிருந்தவன் என்ற ஐயம் அவனை விட்டகலவில்லை. வாள் வேண்டியிருந்தது, வாளேந்தியவன் வேண்டப்படவில்லை.

இறுதியில், ஒருகாலத்தில் 28ஆம் படையணிக்குத் தலைவனான அதே போமீனின் கொள்ளைக் கூட்டத்தோடு 1921இல் காட்டில் மறைந்து வாழ்கிறான். உரையாசிரியர் கருதியது காடுவாழ் மக்களின் படையை. இங்கோ காட்டுப்படை என்னும் சொல் வேறொரு கொடிய பொருளைப் பெறுகிறது. ஆறனுள் கூலிப்படை ஒன்றே கிரிகோரி அறியாதது. ஊதியத்திற்காகப் போரிட்டிருந்தால் அவனுக்கு இத்துணைத் துன்பம் நேர்ந்திராது.

இதனால் ஆசிரியர் புரட்சியை வெறுத்தார் என்று முடிவுகட்டல் தவறு. ஊரன்பை மட்டும் நம்பிப் புதிய அரசொன்று படை அமைத்தல் அரிது என்பதை அவர் அறிவார். தேர்ந்தெடுக்கப்பட்ட தளபதிகளைக் கொண்டு பெரும்போர் நடத்த இயலாமையால், சோவியத் அரசும் 1918இலேயே பழைய அதிகாரிகளையும் கட்டாயப் படைச் சேர்க்கையையும் நாடிற்று. படையணிகள் மறுசீரமைக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது; அதற்கான விலையை யார் கொடுத்தார் என்பதே நாவல் எழுப்பும் வினா.

நூலில் குறையும் உண்டு. கிரிகோரி செம்படையில் மீண்டும் போரிட்ட காலம் நேரடியாகக் காட்டப்படவில்லை; கையிழந்து ஊர் திரும்பிய புரோகோர் வாயிலாகவே அறிகிறோம். தன்னை வென்ற படைக்குள் ஒருவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை நாம் கண்முன் காணும் வாய்ப்பு இழக்கப்பட்டுவிட்டது. தளபதிகளின் நகர்வுகளை விரிக்கும் சில இயல்களைச் சுருக்கி, இதற்கு இடமளித்திருக்கலாம்.

படைக்கலங்களை டான் நதியில் எறிந்துவிட்டுக் கிரிகோரி தன் மகனிடம் திரும்பும்பொழுது, அவனுக்குப் படையணி ஏதுமில்லை. படையணியாயிருந்த ஊரும் முன்போல் இல்லை. ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இந்நாவலை வகுப்பில் எடுத்துரைக்கும்பொழுது, ‘கிரிகோரி எந்தப் பக்கம்?’ என்ற வினாவோடு நின்றுவிடாமல், ‘அவன் நிற்க எந்தப் பக்கம் எஞ்சியிருந்தது?’ என்றும் மாணாக்கரை வினவுதல் வேண்டும். அப்பொழுதுதான் உறுதியின்மை என நாம் எளிதாகப் பழித்தது எத்தகைய இழப்பு என்பது விளங்கும்.