நேரலைப் பதிவில் கேட்போரின் குரல்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் நிகழ்ச்சியை முன்வைத்து

முன்னுரை

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தாக்கமே இப்பெயருக்கு அடிப்படையாகும். 19 பேர் கொண்ட இக்குழு கானா, ராப், ராக் ஆகியவற்றை ஒரே மேடையில் இணைத்தது. இக்குழுவை மதிப்பிடுவோர் பெரிதும் பாடல்வரிகளின் அரசியலையே கருத்தில் கொள்கின்றனர். நேரலைப் பதிவு கேட்பவருக்கு எதை அளிக்கிறது, எதை இழக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கானாவில் கேட்போர்

கானா, வடசென்னை உழைக்கும் மக்களிடையே, குறிப்பாக இறப்பு வீடுகளில் இரவு முழுவதும் பாடப்பட்டு வளர்ந்த வடிவம். அங்குக் கேட்போர் வெறும் பார்வையாளர் அல்லர். கைதட்டியும், இடையில் குரல் கொடுத்தும், மீண்டும் பாடச் சொல்லியும் பாட்டின் போக்கையும் நீளத்தையும் அவர்கள் தீர்மானிக்கின்றனர். ஆகவே நேரலைப் பதிவில் கேட்கும் கூட்டத்தின் ஓசையை இரைச்சல் என ஒதுக்க இயலாது. அது பாடலின் ஓர் உறுப்பாகும்.

இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி ஆகியவை குறித்த இக்குழுவின் பாடல்களுக்கு இது மிகவும் பொருந்தும். நையாண்டி, எதிரில் இருப்பவர் சிரிக்கும்போதே முழுமை பெறுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகும் தெளிவான பதிவில் அச்சிரிப்புக்கு இடமில்லை. அதனால் அதே வரிகள் அறிவுரையாகச் சுருங்கும் வாய்ப்பு உண்டு.

பதிவின் எல்லை

நெமிலிச்சேரியிலிருந்து புறநகர் மின்சாரத் தொடர்வண்டியில் நகருக்குச் செல்லும் ஒருவர் இப்பாடல்களைச் செல்பேசியில் கேட்பதாகக் கொள்வோம். பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவற்றின் அதிர்வை மேடைக்கு முன் நிற்பவர் உடலாலும் உணர்கிறார். செல்பேசியின் சிறிய ஒலிபெருக்கி அதனைக் கடத்துவதில்லை. குழுவினர் கோட்டு அணிந்து நின்ற தோற்றமும், அது நினைவூட்டும் அம்பேத்கரின் உருவமும் ஒலியை மட்டும் கேட்பவருக்கு எட்டுவதில்லை.

இவ்விழப்பு மேலைநாட்டு நியூ வேவ் இசைக்கும் நேர்ந்ததே. டாக்கிங் ஹெட்ஸ் குழு 1983 டிசம்பரில் ஹாலிவுட்டில் நடத்திய நிகழ்ச்சிகளில், முதலில் ஒருவர் தனியே பாட, பிறர் பாடலுக்குப் பாடல் வந்து சேர்ந்தனர். 1984இல் வெளியான ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ இசைத்தட்டில் ஒன்பது பாடல்களே இடம்பெற்றதால் அவ்வளர்ச்சி அறுபட்டது. 1999ஆம் ஆண்டின் விரிந்த பதிப்பே 16 பாடல்களைத் தந்தது.

எனினும் கானாவின் இழப்பைப் பதிவின்மேல் மட்டும் சுமத்துவது பொருந்தாது. மேடையிலேயே அது தொடங்கிவிடுகிறது. நேரமும் பாடல்வரிசையும் முன்பே வகுக்கப்பட்ட நிகழ்ச்சியில் கூட்டம் ஆர்ப்பரிக்கலாம். விடியும்வரை பாட்டை நீட்டிக்க முடியாது. நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்ட கானாவுக்கு மேடை மதிப்பைத் தந்தது. அதற்கு ஈடாகக் கேட்போரின் உரிமையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது.

முடிவுரை

இக்குழுவின் பாடல்களை ஆராய்வோர் அச்சிட்ட வரிகளை மட்டும் மூலமாகக் கொள்வது போதாது. நேரலைப் பதிவில் கூட்டம் எங்குச் சிரிக்கிறது, எங்கு உடன்பாடுகிறது, எங்கு அமைதி காக்கிறது என்பனவும் குறிக்கப்பட வேண்டும். தூய்மை குறைந்த அப்பதிவே கானாவின் இயல்புக்கு நெருக்கமானது. கேட்போரை நீக்கிவிட்டு அப்பாடல்களை மதிப்பிடுவது, அவற்றைப் பாதியளவே கேட்டதற்கு ஒப்பாகும்.