வடக்கன்குளம்: ஒரு சுவரை வாசித்தல்

கோயில் கட்டடக்கலை பற்றி எழுதுகிற நம்ம அறிஞர்கள் தூணை எண்ணுவார்கள், கோபுரத்தை அளப்பார்கள். யாரை எங்கே நிறுத்துவதற்கு இந்தக் கட்டடம் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். அதைக் கேட்காமல் வாசிக்கவே முடியாத கோயில் ஒன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது: வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்.

1872இல் எழுந்த இந்தக் கோயிலுக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் பிள்ளைமார், முதலியார். மற்றதில் நாடார் முதலானோர். நடுவில் சுவர். 'கால்சட்டைக் கோயில்' என்றே பேராகிப்போச்சு. பூசை வைக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். சனங்களுக்கு ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, தீட்டு மட்டும் அப்படியே.

இதைச் 'சமரசம்' என்பதை நான் ஏற்கவில்லை. சாதி வெளியிலிருந்து கோயிலுக்குள் நுழைந்துவிட்டது என்பது வசதியான பேச்சு. இங்கே சாதிக்கு வரைபடம் போட்டு, அஸ்திவாரம் தோண்டி, காசு செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள்.

1910இல் கௌசானல் அடிகள் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமார் நீதிமன்றம் போனார்கள். கிறித்தவர்களான பின் சாதியின் பேரால் தனி உரிமை கேட்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை அவர்கள் வழக்கு தோற்றது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வாதத்தின் பின்கதையையும் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. நமக்குச் சொன்ன பதில், 'கிறித்தவத்தில் சாதி கிடையாது'. ஆதிக்கச் சாதியின் தனியிடத்தை மறுத்த வாதமே நம் உரிமையையும் மறுக்கிறது.

வடக்கன்குளத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் வெள்ளாளர், நாடார் மோதலாகவே அதைச் சொல்லி முடிக்கிறார்கள். அந்த ரெண்டு காலுக்கும் அப்பால் நின்னவன் எங்கே போனான்? 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அங்கேயும் சாதி இருந்தது. கலவரமும் துப்பாக்கிச்சூடும் நடந்தன. இரண்டு உயிர்கள் போயின.

சுவர் இடிந்த தேதியோடு கோயில் வரலாற்றை முடிக்கிறவனை நம்பாதீர்கள். பீடத்துக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார், தேர் யார் தெருவுக்கு வருகிறது, பிணம் எந்த மூலையில் புதைகிறது. கட்டடத்தை அங்கிருந்து வாசிப்போம்.