வெள்ளி ரூபாயின் முகத்தைப் படிக்கும் முறை

பழைய நாணயத்தின் தரம் என்று நாணயவியலில் குறிக்கப்படுவது அதன் வயதோ அருமையோ அன்று. அச்சுக்கூடத்தை விட்டு வெளிவந்த நாளில் இருந்த மேற்பரப்பில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே ஆகும். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டின் பழைய செம்பு சென்ட் நாணயங்களுக்காக 1949ஆம் ஆண்டு வெளியிட்ட, 1 முதல் 70 வரை செல்லும் அளவுகோல் பின்னர் மற்ற நாணயங்களுக்கும் பரவியது. கடைப்பேச்சில் வழங்கும் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் ஆகியவை அதன் நடுப்படிகள். 60உம் அதற்கு மேற்பட்டதும் யூ.என்.சி., அதாவது புழக்கத்தின் தேய்மானம் சிறிதும் படாத நாணயம். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிடக் கண்ணைப் பழக்குவதே முதன்மையானது. அதற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் நல்ல பாடநூல்.

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதால் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டாகின்றன. புழங்காத நாணயத்தைச் சாய்க்கும்போது அக்கோடுகளில் பட்ட ஒளி, சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வதுபோல் மேற்பரப்பில் சுற்றிவரும். அச்சொளி எனத்தக்க இந்த ஒளி ஒருமுறை அழிந்தால் எந்த மெருகாலும் திரும்பாது. தரம் பார்ப்பதில் மிக இன்பமான கணம் இந்தச் சுழற்சியை முதன்முறை அடையாளம் காண்பதுதான்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை மேடுகள், ஏனெனில் விரலும் பையும் பிற காசுகளும் முதலில் உரசுவது அவற்றில்தான். மன்னரின் புருவம், காது, மீசை, கிரீடத்தின் மணிகள் ஆகியவற்றைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் நோக்கிய பின், மார்பில் அணிந்த மாலையிலுள்ள சிறு யானைக்கு வர வேண்டும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் இந்த யானையின் தும்பிக்கை பன்றியின் மூக்குபோல் குறுகித் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. வெளியிடப்படாத நாணயங்கள் உருக்கப்பட்டு, 1912இல் உருவம் திருத்தப்பட்டது. ஆகவே 1912 முதலான ரூபாயில் தும்பிக்கை தெளிவாகத் தெரிகிறதா என்பது தேய்மானத்தை அளக்கும் நல்ல குறி.

ஆனால் மழுங்கியதெல்லாம் தேய்ந்தது ஆகாது. அச்சின் அழுத்தம் போதாமல் முதல் நாளிலேயே தட்டையாகப் பிறந்த பகுதியும் உண்டு. அங்கே தட்டையான இடத்திலும் அச்சொளி தொடரும், தேய்ந்த இடத்திலோ அது அறுந்து மங்கிய சாம்பல் நிறம் தெரியும். தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் பெரிதும் தவறுவது இவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான்.

இனி, விலையை உண்மையாகவே கெடுப்பது தேய்மானத்தைவிடத் துலக்கலே. வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீற்றால் தேய்த்துப் பளிச்சிட வைக்கும் நல்ல பழக்கம் நாணயத்துக்குப் பகையாகிறது. வெற்றுத்தளத்தில், அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத சமதளத்தில், ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் இருந்தாலோ, தளம் வெளுத்திருக்க எழுத்துகளின் இடுக்கில் மட்டும் அழுக்கு தங்கியிருந்தாலோ அது துலக்கப்பட்ட காசு. மாறாக, காற்றிலுள்ள கந்தகத்தால் பல்லாண்டுகளாகச் சீராகப் படிந்த கருஞ்சாயல் குறையன்று. அந்தப் படலத்தின் அடியிலும் அச்சொளி சுழலுமானால் அது காசின் இயல்பான மேனி காக்கப்பட்டதற்குச் சான்றாகும்.

விளிம்பையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். ரூபாய்களில் சிறு வளையம் பற்றவைத்துக் கழுத்தணியாகக் கோத்து அணிந்த வழக்கம் இருந்ததால், அந்த வளையத்தை நீக்கி அரத்தால் சமன் செய்த தடம் மன்னரின் தலைக்கு மேல் இருக்கக்கூடும். வெள்ளியைச் சோதிக்கச் சராப்புகள், அதாவது நாணயமாற்று வணிகர்கள், இட்ட சிறு முத்திரைக் குத்துகளும் தரத்தைக் குறைக்கும், ஆயினும் அவை காசின் வாழ்க்கையைச் சொல்வன. எடை 11.66 கிராமுக்குக் கணிசமாகக் குறைந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

துலக்கிய எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் காசும், கைபடாத வெரி ஃபைன் காசும் ஒரே விலைக்கு வந்தால், பின்னதையே எடுக்க வேண்டும்.