படவட்டை சேர்க்கும் புதுவழக்கு: ஒரு மதிப்பீடு

பொருள்களைத் தேடித் தொகுத்து வைத்து மகிழ்தல் இளமைக்கு இயல்பு. தபால் முத்திரையும் தீப்பெட்டிப் படமும் பழங்காசும் எம் தலைமுறையினர் பள்ளிப் பருவத்திற் சேர்த்தவை. இக்காலத்து மாணவரோ விளையாட்டு வீரரின் படவட்டைகளைக் கைத்தொலைபேசியிற் சேர்க்கின்றனர். அட்டை என்னும் பெயர் உண்டேயன்றி அட்டை அங்கில்லை. திரையில் ஓர் உருவமும் கணக்கேட்டில் ஒரு பதிவுமே உள. இப்புதுவழக்கு நன்றோ தீதோ என ஆராய்தல் ஆசிரியராயினார்க்குக் கடனாகும்.

இதன் வேர் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய சிகரெட் பெட்டி மடங்காதிருத்தற்பொருட்டு அதனுள் வைக்கப்பட்ட தடித்த கடதாசித் துண்டுகளிலே வீரர் படங்கள் அச்சாயின. பின்னர் அவை மிட்டாயோடு சேர்ந்து சிறுவர் கையை அடைந்தன. அமெரிக்காவின் டொப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, மிக்கி மான்டில் என்னும் பேஸ்போல் வீரரின் அட்டையொன்று 2022 ஓகஸ்ற்றில் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்வரிசையில் விற்காது எஞ்சிய பெட்டிகள் 1960இல் கடலிற் கொட்டப்பட்டன என்பது அதனை வடிவமைத்தவரே கூறிய செய்தி. சிறுவர் கைபட்டு நைந்தனவும் அன்னையர் குப்பையென வீசியனவும் போக, மிகச் சிலவே நின்றன. அவ்வட்டையின் அருமையை எவரும் திட்டமிட்டு ஆக்கவில்லை, காலம் ஆக்கிற்று.

புதிய அட்டையின் அருமை அத்தகையதன்று. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக் காட்சிகளை விற்கும் டொப் ஷொட் என்னும் தளம் 2020இல் எல்லார்க்கும் திறக்கப்பட்டது. 2021இல் லெப்ரோன் ஜேம்ஸ் பந்தை வளையத்துள் இடும் காட்சியொன்று இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் விலைபெற்றது. பிரான்சின் சொராரே உதைபந்தாட்ட வீரரை விற்றது. கிரிக்கெற்றிலே ஃபான்கிரேஸ், ராரியோ முதலிய நிறுவனங்கள் தோன்றின. இவை யாவற்றிலும், இத்துணைப் பிரதிகளே வெளியாகும் என நிறுவனம் அறிவிக்கின்றது, அவ்வறிவிப்பே அருமையாகின்றது. எல்லையின்றிப் படியெடுக்கத்தக்க ஒன்றை அரிதெனக் கூறுதல் வாக்குறுதியேயன்றிப் பொருளின் இயல்பன்று. 2022இல் அச்சந்தை பெரிதும் சரிந்தபோது வாங்கினோர் பலர் இதனை உணர்ந்தனர்.

வாங்கினோனுக்கு உரிமையாவது யாது? இவ்வினா இந்தியாவிலே நீதிமன்றத்தின்முன் வேறொரு வடிவில் எழுந்தது. ராரியோவை நடத்தும் நிறுவனமும் கிரிக்கெற் வீரர் சிலரும், தம் அனுமதியின்றி வீரரின் பெயரையும் உருவையும் அட்டைகளிற் பயன்படுத்திய பிறிதொரு நிறுவனத்தைத் தடுக்குமாறு வேண்டினர். டெல்லி உயர்நீதிமன்றம் 2023 ஏப்பிரலில் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. பொதுவெளியிற் கிடைக்கும் பெயரும் ஆட்டக்கணக்கும் ஒருவர்க்கே தனியுடைமை ஆகா என்பது அதன் கருத்து. விற்றோர்க்கே உறுதியாகாத தனியுரிமையை வாங்கிய சிறுவன் எங்ஙனம் பெறுவான்?

இவ்வழக்கிற்கு நன்மையே இல்லையென யான் கூறேன். மலையகத்துத் தோட்டமொன்றிலுள்ள சிறுவனும் கடல்கடந்த வீரனின் ஆட்டத்தை நுணுகி அறிகின்றான். சராசரியும் விழுக்காடும் கணக்குப் பாடத்தில் வாராத விருப்போடு அவன் நாவில் வருகின்றன. அட்டை நனைவதில்லை, கிழிவதுமில்லை. ஆயினும், பொதியைத் திறக்கும் வரை உள்ளிருப்பது யாதென அறியாது பணம் கொடுக்கும் முறை இந்நன்மையை விழுங்கிவிடுகின்றது. உதைபந்தாட்டக் கணினி விளையாட்டுக்களின் இத்தகைய பொதிகள் சூதாட்டத்தின்பாற்படும் என 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் கருதியது. 2019 தொடக்கத்தில் பீபா விளையாட்டின் நிறுவனம் அந்நாட்டில் அப்பொதிகளுக்கான புள்ளிகளை விற்பதை நிறுத்திற்று. திருவள்ளுவர் சூதினைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

எமது வகுப்பு மாணவன் ஒருவன், தாயார் பரீட்சைக் கட்டணத்துக்கெனச் சேர்த்து வைத்த பணத்தை இத்தகைய பொதிகளிற் செலவிட்டான். காரணம் வினாவியபோது, "அடுத்த பொதியிலே வரும் என்று நினைத்தேன், சேர்" என்றான். சினந்து கூறவேண்டிய சொல் எதுவும் எனக்கு அப்போது எழவில்லை. "அடுத்தது" என்னும் அச்சொல்லிலேதான் அவ்வணிகம் முழுவதும் நிற்கின்றது.

அவனிடம் முரளிதரனைப் பற்றிக் கேட்டேன். 800 விக்கெற்றுக்கள் என்றான். அஸ்கிரிய மைதானத்தை அவன் அறிந்திலன். கண்டியிற் பிறந்து கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரன், 2007 டிசெம்பர் 3ஆம் நாள், அவ்வரங்கிலே இங்கிலாந்தின் கொலிங்வூட்டை வீழ்த்தித் தமது 709ஆவது விக்கெற்றைப் பெற்று, ஷேன் வோர்னின் உலக சாதனையைக் கடந்தார். அவனையும் அவன் தோழரையும் ஒரு சனிக்கிழமை அங்கு அழைத்துச் சென்றேன். அதன்பின் அவர்கள் வெள்ளைக் காட்போட்டை வெட்டி, வீரரின் உருவை வரைந்து, பின்புறத்தில் ஆட்டக்கணக்கைத் தாமே தேடி எழுதத் தொடங்கினர். இரட்டையாக உள்ளவற்றைத் தம்முள் மாற்றிக்கொள்ளவும் செய்தனர்.

ஆகவே தடைவிதித்தல் எம் நோக்கமன்று. பிள்ளை எதனைச் சேர்க்கின்றான் எனப் பெற்றோர் கேட்பதோடு, எங்ஙனம் சேர்க்கின்றான் எனவும் கேட்டல் வேண்டும். அறிந்தும் வரைந்தும் மாற்றியும் சேர்ப்பது கல்வி. அடுத்த பொதியை நம்பிப் பணமிறைப்பது சூது. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றலை மாணவர்க்கு ஊட்டுதல் பள்ளியின் பணியாகும்.