சொல்லின் ஆற்றலும் எர்த்சீத் தீவுகளும்

மாயப் புனைகதை என்ற அளவிலேயே முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் நம்மிடையே பலர் உளர். வாழ்க்கையை உள்ளவாறு காட்டும் கதையே இலக்கியம். பறவை நாகமும் மந்திரக்கோலும் சிறுபிள்ளை விளையாட்டு என்பது அவர்தம் துணிபு. மாணாக்கரோ அத்தகைய நூல்களையே தேடிச் செல்கின்றனர். திரைப்படத்தில் கண்டதை நூலில் படிக்க விரும்பி, 'எந்தத் தொடரை முதலில் எடுக்கலாம்?' என்று வினவுகின்றனர். நாம் வாளாவிருந்தால், கடையில் கண்ணிற்பட்ட தடித்த நூலொன்றை மாணவன் வாங்குவான். எண்பது பக்கங்களில் சலிப்புற்று மூடி வைப்பான். நெடிய நூல் எதுவும் தனக்கு ஆகாது என்னும் எண்ணம் அன்றே அவனுள் வேரூன்றிவிடும். ஆதலின், முதலில் எந்த நூலைக் கையில் கொடுக்கிறோம் என்பது சிறிய செய்தியன்று.

இத்துறையில் தலைமை இடம் பெற்றது ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்பதில் ஐயமில்லை. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூல், மொழியியல் வல்லுநர் ஒருவர் தாம் படைத்த மொழிகளுக்கு ஓர் உலகம் வேண்டும் எனக் கருதி எழுப்பிய மாளிகை. ஆயினும் அதன் வாயிற்படி உயரமானது. தொடக்கப் பகுதிகளின் மெல்லிய நடையைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய வாசகருக்கே அது உரியது. ராபர்ட் ஜோர்டான் 1990இல் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் பிராண்டன் சாண்டர்சன் 2013இல் முடித்து வைத்த 'தி வீல் ஆஃப் டைம்' பதினான்கு தொகுதிகள் கொண்டது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரோ பள்ளி மாணவர்க்கு ஏற்றதன்று. அதன் ஐந்தாம் தொகுதி 2011இல் வெளிவந்தது, முடிவு இன்னும் வரவில்லை. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் விடாது படித்தவர்க்கு நீளம் ஒரு தடையாகாது என்பது மெய்யே. எனினும் முதல் நூல் சிறியதாக இருத்தல் நலம்.

அவ்வகையில் நான் முன்மொழிவது அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் (1929–2018) படைத்த எர்த்சீ வரிசை. அவர் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலறிஞர். பிற இனத்தாரின் வழக்கங்களையும் கதைகளையும் மதித்துக் கேட்கும் இல்லத்தில் வளர்ந்தமை இவருடைய கற்பனையில் நன்கு புலப்படுகிறது. இளையோர்க்கு ஒரு நூல் வேண்டும் எனப் பதிப்பாளர் ஒருவர் கேட்க, அவர் எழுதியளித்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' 1968இல் வெளிவந்தது. விசர்ட் என்பதை மந்திரவாதி எனப் பெயர்த்தால் நமக்கு வேறு உருவமே மனத்தில் தோன்றும். ஏழு கடல் தாண்டிக் கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்து வைக்கும் கொடியவனே நாம் அறிந்த மந்திரவாதி. லெ குவினின் மந்திரவாதியும் ஒன்றை ஒளித்து வைக்கிறான். அது அவனுடைய மெய்ப்பெயர்.

இவ்வுலகின் அடிப்படை விதி இதுவே. ஒவ்வொரு பொருளுக்கும் ஆதி மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதனை அறிந்தவன் அப்பொருளை ஆள்வான். கொண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன், தன் பெரியம்மை ஆட்டை அழைக்கும் சொல்லை ஒட்டுக் கேட்டு, பொருளறியாமலே உரக்கச் சொல்கிறான். ஆடுகள் அவனை நெருக்கிச் சூழ்கின்றன. அவற்றை விலக்கும் சொல்லோ அவனுக்குத் தெரியாது. கதையின் முழுப்போக்கும் இச்சிறு நிகழ்ச்சியில் வித்தாய் அடங்கியுள்ளது. பிற்காலத்தில் கெட் என்னும் மெய்ப்பெயர் பெறும் அவன், ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், தன் செருக்கினால் இருளினின்று ஒரு நிழலை அழைத்துவிடுகிறான். திருப்பி அனுப்ப அறியான். அந்த வாயிலை அடைக்கும் முயற்சியில் பள்ளியின் முதுதலைவர் உயிர் துறக்கிறார். எஞ்சிய கதை, அந்நிழல் அவனைத் துரத்துவதும், பின்னர் அவன் அதனைத் துரத்துவதும் ஆகும். முடிவைப் படிப்பவரே கண்டறியட்டும்.

தமிழாசிரியர்க்கு மிகவும் உவப்பளிக்கும் பகுதி ரோக் பள்ளியின் பாடமுறை. பெயராசான் ஒருவர் தனிக்கோபுரத்தில் அமர்ந்து பெயர்ப்பட்டியல்களை மாணவர்க்கு நெட்டுருச் செய்விக்கிறார். ஒரு செடியின் இதழுக்கு ஒரு பெயர், புல்லிக்கு ஒரு பெயர், விதைக்கு ஒரு பெயர். கடல் முழுவதையும் ஒரு சொல்லால் ஆள இயலாது. ஒவ்வொரு விரிகுடாவும் தனிப்பெயர் உடையது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் நிகண்டு ஓதிய நினைவு வாராமல் இப்பகுதியைப் படிக்க முடியாது. மனப்பாடத்தை இகழும் இக்காலத்தில், அதனை இத்துணைக் கவர்ச்சியோடு எழுதிய பிறிதொரு கதையை நான் கண்டதில்லை. இஃது அலங்காரமாகவும் நின்றுவிடவில்லை. பெண்டர் தீவின் பறவை நாகத்தைக் கெட் வெல்வது வாளால் அன்று. பழைய வரலாறுகளைக் கற்று அதன் பெயர் இதுவாகலாம் என ஊகித்து அழைத்தே அதனைக் கட்டுகிறான். அந்த நாகமோ, அவனை வருத்தும் நிழலின் பெயரைச் சொல்வதாக ஆசை காட்டுகிறது. தன்னலம் கருதினால் அப்பெயரைப் பெறலாம்; கெட் தீவு மக்களின் பாதுகாப்பையே கேட்கிறான். பல நூறு பக்கப் போர்க்களங்கள் தராத பரபரப்பை இவ்வுரையாடல் தருகிறது.

மற்றொன்றும் கூறவேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் கருநிறத்தவன். வெண்ணிறத்தார் கடல்கடந்து வந்து கொள்ளையிடும் கார்க் நாட்டினர். 1968இல் ஆங்கில இளையோர் நூலில் இஃது அரிய துணிவு. ஆசிரியர் இதனைப் பறைசாற்றாது, போகிற போக்கில் கூறிச் செல்கிறார். பதிப்பாளர் பலர் அட்டையில் அவனை வெள்ளையனாகவே வரைந்தனர்; 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவ்வாறே செய்ய, லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நம் பிள்ளைகள் இதனை அறிந்து படிப்பது நன்று.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதல் நூலில் நகைச்சுவை மிகக் குறைவு. 1972இல் வெளிவந்த மூன்றாம் நூலாகிய 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்', இறப்பைப் பற்றி ஆழ்ந்து சிந்திப்பினும், இடையிடையே கெட் அறவுரையாளனாகி விடுகிறான். (நாமும் வகுப்பில் அவ்வாறு ஆவதுண்டு.) பெருங்குறை வேறு. ரோக் பள்ளியில் பெண்ணுக்கு இடமில்லை; பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது எனத் தீவு மக்கள் பழிக்கின்றனர். அப்பழியை முதல் நூல் எவ்வித வினாவுமின்றி விட்டுவிடுகிறது. 1971இல் வந்த இரண்டாம் நூல் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' டெனார் என்னும் சிறுமியை நடுவில் நிறுத்தியது. குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பெயரும் பறிக்கப்பட்டு, இருண்ட நிலவறைகளின் பூசாரிணியாக ஆக்கப்பட்டவள் அவள். மூன்றனுள் கட்டுக்கோப்பில் சிறந்தது இதுவே என்பேன். எனினும் அந்தக் குறை நீங்கவில்லை.

இங்குத்தான் இவ்வரிசை பிற தொடர்களினின்று வேறுபடுகிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் தம் உலகுக்கே திரும்பிவந்து, தாம் எழுதியதைத் தாமே வினவினார். 'தெஹானு'வில் டெனார் நடுவயதுக் கைம்பெண். தீயில் வெந்த முகமுடைய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கெட் ஆற்றல் அனைத்தையும் இழந்து, வெட்கத்தோடு ஊர் திரும்புகிறான். ஆடு மேய்ப்பதும் வீட்டு வேலையுமே கதை. வீரச்செயல்களை எதிர்பார்த்த வாசகர் ஏமாற்றமுற்றனர். அந்த ஏமாற்றம் தகுதியற்றது என்பதே என் கருத்து. ஆற்றல் போனபின் ஒருவன் யார் என்னும் வினாவைக் கேட்கும் மாயக்கதை மிகச் சிலவே. 2001இல் வந்த 'டேல்ஸ் ஃபிரம் எர்த்சீ'யில், ரோக் பள்ளியைத் தோற்றுவித்தோருள் பெண்களும் இருந்தனர் என்னும் மறைந்த வரலாறு வெளிப்படுகிறது. பழைய நூலை அழிக்காமலே அதன் பொருளை மாற்றிவிடும் திறன் இது.

மாணவனுக்கு முதல் மூன்று நூல்களையும் பதின்மூன்று, பதினான்கு வயதில் கொடுக்கலாம். 'தெஹானு' சற்றுப் பின்னர் வரட்டும். குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை அதில் பேசப்படுவதால், ஆசிரியர் தாம் முதலில் படித்துவிடுதல் நலம். 'டேல்ஸ் ஃபிரம் எர்த்சீ'யைத் துணைநூல் எனக் கருதித் தாண்டிச் செல்லுதல் கூடாது. அதன் இறுதிக் கதையாகிய 'டிராகன்ஃபிளை'யைப் படியாதவர்க்கு, அதே ஆண்டில் வெளிவந்த நிறைவு நூலான 'தி அதர் விண்ட்' பாதியே விளங்கும்.