இறகு கோதும் தாழம்பூ

தர்மபுரிக்குக் கடல் கிடையாது. ஆனாலும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் நெய்தல் திணை படிக்கிறார்கள். 'கடலும் கடல் சார்ந்த இடமும்' என்று ஒப்பித்தால் இரண்டு மார்க் நிச்சயம். பாட்டு கைக்கு வருமா என்பதுதான் கேள்வி.

குறுந்தொகை 228-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி வள்ளுவன் பெருஞ்சாத்தன் பாடியது. ஆறே வரி. கானல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தாழையின் கொழுத்த மொட்டு அவிழ்கிறது. எப்படி? குருகு கோதுகிற இறகு மாதிரி. குருகு என்றால் நாரை, கொக்கு வகையறா.

'பூவும் வெள்ளை, பறவையும் வெள்ளை, ஆகவே உவமை' என்று சிலர் விளக்கத்தை முடித்துவிடுவார்கள். பி.காம். படித்தவன் என்பதால், பற்றும் வரவும் டேலி ஆனதும் கணக்கை மூடிவிடும் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால், இந்தக் கணக்கில் அசைவு விட்டுப்போச்சே!

வெள்ளைதான் வேண்டும் என்றால் சங்கு போதும், நுரை போதும். படிந்து கிடக்கும் இறகை அலகு நீவி நீவிப் பிரிக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிய தாழை மடலும் அப்படித்தான் மெள்ள நெகிழ்கிறது. நிறத்தைப் போகிற போக்கில் பார்த்துவிடலாம். இதைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும். பேசுகிறவள் காத்திருக்கிறவள்தான். அவன் நாட்டுக் கடலின் அலை நம் முற்றம் வரை வந்து திரும்புகிறதாம். ஆள் தூரத்தில், நெஞ்சுக்கோ பக்கத்தில் என்கிறாள்.

ஓரம்போகியார் குறுந்தொகை 122-ல் இதைத் திருப்பிப் போடுகிறார். மாலையில் கூம்பிய ஆம்பல், கொக்கின் முதுகு மாதிரி இருக்கிறதாம். அங்கே பூ திறக்க ஒரு பறவை, இங்கே மூட ஒரு பறவை. இதற்குக் கடல்கூட வேண்டாம், குளம் போதும்.

தர்மபுரிதான் பழைய தகடூர். அதன் அரசன் அதியமானின் தோழி ஔவையாரே நற்றிணை 187-ல் நெய்தல் பாடியிருக்கிறார். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் இன்றும் அங்கே உண்டு. பிரிவை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ் வாத்தியார்களுக்கு ஒரு விண்ணப்பம். போர்டில் 'உவமை அணி' என்று எழுதும் முன் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், கொக்கு இறகு கோதுவதைக் காட்டுங்கள். பூக்கடையில் ஒரு தாழம்பூ வாங்கி மடலைப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மார்க் எங்கேயும் ஓடிவிடாது!