யூனியாவுக்கு ஒரு ளகரம்

ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை எடுத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று போகும் பெயர்ப்பட்டியல் அது. சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில் இருந்த என் அத்தைக்கு மட்டும் அது பிடிக்கும். பஞ்சாலையில் கோன் வைண்டிங் பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு பள்ளியில் 28 வருடம் பாடம் நடத்தினார். "எத்தனை பொம்பளைங்க பேரு ஒரே எடத்துல இருக்குது பாரு, அம்மிணி" என்பார். எண்ணிப் பார்த்தால் 10 பேர்.

நான் பிளஸ் டூ படித்தபோது, பெண்கள் ஞாயிறன்று அத்தை ஆராதனையில் பேசுவதாக ஏற்பாடாகியிருந்தது. கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். காட்டிய காரணம் 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம்: பெண் கற்பிக்கக் கூடாது, ஆணின்மேல் அதிகாரம் செலுத்தக் கூடாது. "பவுலே சொல்லியிருக்கார்" என்றார்கள். அதே அதிகாரத்தின் முடிவில், பெண்ணுக்கு மீட்பு பிள்ளைப்பேற்றின் வழியாக என்று வருகிறது. பிள்ளை பெறாத அத்தை அதையும் அன்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பவுல் சொன்னாரா? புதிய ஏற்பாட்டில் அவர் பெயரில் 13 நிருபங்கள் இருக்கின்றன. ரோமர், இரண்டு கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய 7 நிருபங்கள் அவருடையவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. தீமோத்தேயுவுக்கு இரண்டும் தீத்துவுக்கு ஒன்றுமாக எழுதப்பட்ட மூன்றையும் பின்வந்த ஒருவர் பவுலின் பெயரில் எழுதினார் என்பது பெரும்பான்மைக் கருத்து. 1807இல் ஷ்லையர்மாகர் 1 தீமோத்தேயுவின்மீது ஐயத்தை எழுப்பினார். 1921இல் ஹாரிசன் சொற்களையே எண்ணினார். இந்த மூன்று நிருபங்களிலும் இயற்பெயர்கள் நீங்கலாக 848 சொற்கள். அவற்றில் 306 சொற்கள் பவுலின் பெயரிலுள்ள மற்ற பத்து நிருபங்களில் எங்குமே இல்லை. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. சொல்லாட்சியை வைத்து நூல்களின் காலத்தைக் கணித்து வசை வாங்கிய வையாபுரிப் பிள்ளையின் வழி இது. நக்கீரர் எத்தனை பேர், கபிலர் எத்தனை பேர் என்று எழுதித்தான் நாங்கள் தேர்வில் மதிப்பெண் வாங்கினோம்.

ஆனால் சொற்கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இறையியல் கணக்கு. ரோமர் 5இல் பாவம் உலகத்துக்குள் வருவது ஒரே மனிதனால். அவன் பெயர் ஆதாம். 1 தீமோத்தேயுவில் ஆதாம் ஏமாறவில்லை, ஏவாள்தான் ஏமாந்தாள். கலாத்தியர் 3இல் கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு இல்லை. இங்கே படைப்பின் வரிசையே ஆணுக்குச் சாதகமான சாட்சியாகிவிடுகிறது. கணவனை இழந்தவள் மறுமணம் செய்யாமல் இருந்தால் அவளுக்கு அதிக மகிழ்ச்சி என்பது 1 கொரிந்தியர் 7இன் கருத்து. தனித்திருக்கும் பெண்ணுக்கு அங்கே ஒரு மரியாதை, ஒரு வேலை இருந்தது. 1 தீமோத்தேயு 5 அந்த இடத்தைச் சுருக்குகிறது. 60 வயதுக்குக் குறைந்த விதவையைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இளையவர்கள் மணம் செய்து பிள்ளை பெற்று வீட்டை நடத்தட்டும். அவர்கள் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு, வீடு வீடாகப் போய்த் தகாததைப் பேசுகிறார்கள் என்பது. சபை கூடியதே வீடுகளில்தான் என்ற காலத்தில், வீடு வீடாகப் போன பெண்கள் வம்பு மட்டுமா பேசியிருப்பார்கள்? யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. பெண் கற்பிக்கக் கூடாது என்ற வாக்கியம், பெண்கள் கற்பித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துச் சான்று. எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா 1983இல் வெளியிட்ட நூலிலிருந்து நான் கற்றுக்கொண்ட வாசிப்பு இது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒண்டிப்புதூரிலிருந்து வரும் ஒரு மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப பவுல் நல்லவருங்களா, மேம்?"

அந்த நிம்மதி எனக்குப் புரிந்தது. ஆனாலும் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. தகராறில்லாத 1 கொரிந்தியரிலேயே 14ஆம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று வருகிறது. சில கையெழுத்துப் படிகளில் அந்த வசனங்கள் இடம் மாறி அதிகாரத்தின் கடைசியில் நிற்பதால், அது ஓரத்தில் எழுதப்பட்டுப் பிறகு உள்ளே நுழைந்தது என்பாருண்டு. இருக்கலாம். ஆனால் பவுலை விடுதலை செய்வதா நம் வேலை? அத்தையை மேடையிலிருந்து இறக்கியது அந்த மனிதர் அல்ல, அவருடைய பெயர்.

ஔவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானோடு கள் பருகியவர், தொண்டைமானிடம் தூது போனவர் ஒருவர். பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடி எழுதியவர் வேறொருவர். பெண் பேச்சைக் கேட்காதே என்று பொருள்படும் ஒரு வரி அதே ஆத்திசூடியில், ஒரு பெண்ணின் பெயரில், சிறு பிள்ளைகளின் வாயில் ஏறியது. பாரதி தன் புதிய ஆத்திசூடியில் அதைத் திருப்பி எழுதவேண்டி வந்தது. சங்க ஔவை அதைச் சொல்லவில்லை என்று நிரூபித்துவிடலாம். அந்த வரி வேலை செய்வதை அது நிறுத்தவில்லை. வாய்ப்பூட்டுப் போட நினைப்பவர்களுக்கு, முன்பு பேசிய வாய் ஒன்றின் பெயர் தேவைப்படுகிறது.

பெயரைக் கடன் வாங்குவது அந்தக் காலத்தில் சகஜம் என்று சமாதானம் சொல்வார்கள். தெக்லாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லையே. இரண்டாம் நூற்றாண்டில் பவுல்–தெக்லா கதை எழுதப்பட்டது. நிச்சயித்த திருமணத்தை உதறிவிட்டு, தனக்குத் தானே திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டு, போதிக்கப் போன பெண் தெக்லா. கி.பி. 200 வாக்கில் எழுதிய தெர்த்துல்லியன், இந்தக் கதையைக் காட்டிப் பெண்கள் போதிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் உரிமை கேட்பதாகப் பொருமுகிறார். அதை எழுதியவர் ஆசியாவைச் சேர்ந்த ஒரு மூப்பர். பவுல்மேல் கொண்ட அன்பினால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு பதவி இழந்தார் என்றும் சொல்கிறார். பவுலைக்கொண்டு பெண்ணைப் பேசவைத்த கதை கட்டுக்கதையானது. பவுலின் பெயரால் பெண்ணின் வாயை அடைத்த கடிதம் வேதமானது. யார் எழுதினார் என்ற கேள்வியை நம் காலத்துப் பேராசிரியர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அதை அன்றே கேட்டார்கள்.

தமிழுக்கு வருகிறேன். பவுல் யூனியா என்றொருவரை, தனக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர், அப்போஸ்தலருக்குள் பெயர் பெற்றவர் என்று வாழ்த்துகிறார். நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் இவரைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு வியந்தார். பிற்பாடு இந்தப் பெண் ஆணாக்கப்பட்டார். லுத்தரின் ஜெர்மன் வேதாகமத்தில் இவர் யூனியாஸ். அறிஞர்கள் கையாளும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் ஒரு சுரக்குறியை மாற்றி ஆணாக்கியது. 1998இல்தான் திரும்பப் பெண்ணாக்கியது. யூனியாஸ் என்ற ஆண்பெயர் அக்காலக் கல்வெட்டு எதிலும் கிடைத்ததில்லை.

நம் பழைய திருப்புதலில் 'யூனியா' என்றே இருக்கிறதே என்று நான் திருப்தியாக இருந்தேன். என் கண்ணைத் திறந்தது அந்த மாணவிதான். "மேம், மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் 'ள்' இருக்குதுங்க" என்றாள். உண்மைதான். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள். பிரிஸ்கில்லாளின் கணவர் மட்டும் ஆக்கில்லா. அந்த அதிகாரத்தின் சொந்த இலக்கணப்படி 'ஆள்' என முடிந்தால் பெண். 'ஆ' என முடியும் ஆக்கில்லா ஆண். ஒரே எழுத்து வேறுபாடுள்ள யூலியாவுக்கு ளகரம் கிடைத்தது, அப்போஸ்தலருக்குள் பெயர் பெற்ற யூனியாவுக்குக் கிடைக்கவில்லை. வினைமுற்றாவது காட்டிக்கொடுக்கும் என்று பார்த்தால், கணவர் என்று கருதப்படும் அன்றோனீக்கோடு சேர்த்து 'அவர்கள்' என்று முடிந்துவிடுகிறது. முனைவர் பட்டம் வாங்கிய நான் இத்தனை வருடம் இதைப் பார்க்கவில்லை.

பெபேயாள் கதை இன்னொரு விதம். பிலிப்பியர் முதல் வசனத்திலும் 1 தீமோத்தேயு 3இலும் பதவிப்பெயராக வரும்போது 'உதவிக்காரர்' என்று மொழிபெயர்த்த அதே கிரேக்கச் சொல், அவரிடம் வரும்போது 'ஊழியக்காரி' ஆகிறது. பவுலும் தன்னை ஊழியக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், ஆகவே சொல்லில் இழிவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஊழியக்காரர் என்றால் மேடையில் நிற்பவர். ஊழியக்காரி என்றால் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குபவர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அவரைத் 'திருத்தொண்டர்' என்கிறது. அதை வாசிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பெண் இன்றும் திருத்தொண்டராக முடியாது. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் எலிசபெத் பாலுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. அத்தையின் சபை வேறு.

ரோமர் நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவரே பெபேயாள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அக்காலத்தில் கடிதம் கொண்டுபோகிறவர், கேட்பவர்களுக்குப் புரியாததை விளக்கவும் வேண்டியிருக்கும். எங்கள் லைன் வீடுகளில் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வந்த கடிதங்களை அத்தைதான் வாசித்துக் காட்டுவார். திண்ணையில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். முடித்ததும் யாராவது ஒருத்தி, "இன்னொருக்கா படிங்கக்கா, அந்த நடுவால வந்தது வெளங்கல" என்பாள்.